யூசரை மையமா வச்சு டிசைன் பண்றதுன்னா என்ன, எங்கேருந்து ஆரம்பிக்கறது?

நடுவுல வந்து படிக்கறவங்களுக்காக கேள்விய சுருக்கமா சொல்லிடறேன். கேட்டவர் ப்ரோக்ராமிங் பக்கத்துலேருந்து டிசைன் பக்கம் வர்றாரு. கோர்ஸ்ல இன்ஃபர்மேஷன் டிசைன், இன்டராக்‌ஷன் டிசைன்னு ரெண்டு பேப்பர் இருக்காம், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், யூசர் சென்டர்டுன்னா யூசர் கேக்கறத அப்படியே செஞ்சு குடுக்கறதா, இதெல்லாம் கொஞ்சம் காமன் சென்ஸ் இருந்தா தானா வந்துடாதா, முதல்ல எந்த சாஃப்ட்வேர் கத்துக்கறது, இவ்வளவுதான் கேள்வி.

காமன் சென்ஸ்லேருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுதான் இந்த ஃபீல்டுல பெரிய கண்ணி. ஒரு பொருள செஞ்சவருக்கு அது உள்ள எப்படி ஓடுதுன்னு தெரியும், எந்த பட்டன் எதுக்குன்னு தெரியும், அதனால அவர் கண்ணுக்கு எல்லாமே பளிச்சுன்னுதான் இருக்கும். தெரிஞ்ச ஒண்ண தெரியாத ஆளு மாதிரி பாக்க யாராலயும் முடியாது, எவ்வளவு முயற்சி பண்ணாலும் சரி. அதனாலதான் உங்க காமன் சென்ஸ் உங்க சொந்த ப்ராடக்ட் விஷயத்துல மட்டும் வேலைக்கு ஆகாது, அடுத்தவங்க ப்ராடக்ட்ல குறை கண்டுபிடிக்க வேணா நல்லா ஆகும். நீங்க படிக்கப்போற முறைகள் பெரும்பாலும் இந்த ஒரு குருட்டுத்தனத்த சுத்திப்போறதுக்கான வழிகள்தான்.

இதோட ஆரம்பம் கம்ப்யூட்டர்ல இல்ல, விமானத்துல. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமா தரையிறங்கினதுக்கு அப்புறம், ரன்வேல ஓடிக்கிட்டிருக்கும்போதே சக்கரம் உள்ள மடங்கி வயித்தால தரையில உக்காந்துடும். விசாரிச்சா பைலட் தப்புன்னு ஃபைல மூடிடுவாங்க. அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ்னு ஒரு உளவியலாளர் என்ன பாத்தாருன்னா, இறக்கையோட ஃப்ளாப்ப, அதாவது இறக்கையோட பின்பக்கம் இறக்கி மடக்கற பலகைய, இயக்கற கன்ட்ரோலும் சக்கரத்த இயக்கற கன்ட்ரோலும் பக்கத்து பக்கத்துல, பாக்கறதுக்கும் தொடறதுக்கும் ஒரே மாதிரி இருந்துச்சு. இறங்கினதும் ஃப்ளாப்ப மடக்கணும், அசதியில இருக்கற பைலட் கை தவறி சக்கரத்த மடக்கிடறாரு. சி-47னு இன்னொரு விமானம் ஓட்டறவங்களுக்கு இந்த பிரச்சனையே வரல, அதுல கன்ட்ரோல் அமைப்பு வேற. அவர் செஞ்ச தீர்வு ரொம்ப சின்னது, சக்கரத்துக்கான பிடியில ஒரு குட்டி ரப்பர் சக்கரம், ஃப்ளாப் பிடியில இறக்கை மாதிரி ஆப்பு வடிவத்துல ஒண்ணு, அவ்வளவுதான், இருட்டுல தொட்டாக்கூட எது எதுன்னு தெரியும். இன்னிக்கும் பயணிகள் விமானத்துல லேண்டிங் கியர் பிடி சக்கர வடிவத்துலதான் இருக்கணும்னு விதியே இருக்கு. 1947ல பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் பைலட் தப்புன்னு சொல்லப்பட்ட 460 சம்பவங்கள சேகரிச்சு அலசினாங்க, அதுலயும் ஒரு கன்ட்ரோல்னு நினைச்சு இன்னொண்ண இயக்கறதுதான் பெரிய பங்கு.

இதுலேருந்து எடுத்துக்கவேண்டியது ஒரே விஷயம், இத மட்டும் பிடிச்சுக்கிட்டா மிச்ச பாடம் பாதி தானா வரும்: தப்பு நடந்தா ஆள விசாரிக்கறதுக்கு முன்னாடி பொருள விசாரிங்க. ஒரே தப்ப நாலு பேரு செஞ்சா அது நாலு பேரோட கவனக்குறைவு இல்ல, ஒரு டிசைனோட குறை. யூசர் மேனுவல் படிக்கல, யூசர் முட்டாள்னு டீம்ல யாராவது சொன்னா அங்க டிசைன் வேலை நின்னுபோச்சுன்னு அர்த்தம்.

சரி, ரெண்டு பேப்பருக்கும் என்ன வித்தியாசம். இன்ஃபர்மேஷன் டிசைன்னா ஒருத்தருக்கு ஒரு விஷயம் புரியணும், அத வச்சு அவர் ஒரு முடிவு எடுக்கணும், அதுக்கு தகவல எப்படி அடுக்கறது, எத காட்டறது, எத விடறது. இன்டராக்‌ஷன் டிசைன்னா அவர் ஒண்ணு செய்வாரு, பொருள் அதுக்கு ஒண்ணு பதில் செய்யும், அவர் மறுபடி செய்வாரு, இந்த மாத்தி மாத்தி நடக்கற பேச்சு எப்படி இருக்கணும்ங்கறது. நிஜத்துல ரெண்டையும் பிரிக்க முடியாது, ஒரு ஃபார்ம எடுத்தா கேள்விய எப்படி வார்த்தையில வைக்கறதுங்கறது முதல் பேப்பர், தப்பா நிரப்பினா என்ன ஆகும்ங்கறது ரெண்டாவது. பாடத்துக்காக பிரிச்சு வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

இன்ஃபர்மேஷன் டிசைனுக்கு எல்லாரும் காட்டற உதாரணம் லண்டன் பாதாள ரயில் மேப், பழசுதான் ஆனா இன்னும் அலுக்கல. அதுக்கு முன்னாடி இருந்த மேப்ல ரயில் பாதை பூமியில எப்படி வளைஞ்சு போகுதோ அதே மாதிரி வரைஞ்சிருப்பாங்க, நகர நடுவுல ஸ்டேஷன் எல்லாம் நெருக்கியடிச்சு கெடக்கும், வெளிப்பக்கம் போகப்போக ஒரே வெறிச்சு. ஹாரி பெக்னு ஒரு வரைவாளர் 1931ல ஒரு புது வரைபடம் கொண்டுபோனாரு, எல்லா கோடும் நேரா, குறுக்கா, இல்லன்னா 45 டிகிரி சாய்வு, ஸ்டேஷன்களுக்கு நடுவுல கிட்டத்தட்ட சம இடைவெளி, தரைக்கு மேல இருக்கறதுல தேம்ஸ் நதிய மட்டும் வச்சுக்கிட்டாரு. தூரம் தெரியலன்னு முதல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. 1933ல அச்சடிச்சு குடுத்ததும் ஜனங்க பிடிச்சுக்கிட்டாங்க. ஏன்னா வண்டிக்குள்ள உக்காந்திருக்கற ஆளுக்கு தெரியவேண்டியது எங்க ஏறணும், எங்க மாறணும், எத்தனாவது ஸ்டேஷன்ல இறங்கணும், இவ்வளவுதான், மேல எந்தத் தெரு போகுதுன்னு இல்ல. ஆனா இதுக்கும் ஒரு விலை இருக்கு, அத பாடத்துல நிறைய பேரு சொல்றதில்ல. லெஸ்டர் ஸ்கொயர்லேருந்து கோவன்ட் கார்டனுக்கு 300 மீட்டர்கூட கிடையாது, நடந்தே போயிடலாம், மேப்ப பாத்தா தெரியாது, அதனால ரயில் ஏறி போறவங்க இருக்காங்க. அதே மேப் ரயில் பயணிக்கு உண்மை, நடக்கறவருக்கு தப்பான தகவல். அதனால 'நல்ல மேப்'னு மொட்டையா ஒண்ணு கிடையாது, யாருக்கு, என்ன வேலைக்குன்னு கேட்டாத்தான் நல்லதா இல்லையான்னே பேசமுடியும். யூசபிலிட்டிக்கு ஐஎஸ்ஓ 9241-11னு ஒரு தர வரையறை இருக்கே, அதுவும் இதத்தான் சொல்லுது: குறிப்பிட்ட ஆளுங்க, குறிப்பிட்ட நோக்கத்த, குறிப்பிட்ட சூழல்ல, எவ்வளவு சரியா, எவ்வளவு குறைஞ்ச மெனக்கெடல்ல, எவ்வளவு திருப்தியா முடிக்கறாங்க. அதுல 'குறிப்பிட்ட'ங்கற வார்த்தைய தாண்டிப் போயிடாதீங்க, மொத்த வெயிட்டும் அதுலதான் இருக்கு.

நல்ல எண்ணம் மட்டும் போதாதுங்கறதுக்கு ஒரு உதாரணம், 2000ல அமெரிக்க அதிபர் தேர்தல், ஃப்ளோரிடாவுல பாம் பீச் கவுண்டி. வேட்பாளர் நிறைய, வயசானவங்க நிறைய இருக்கற இடம், அதனால எழுத்து பெருசா இருக்கட்டும்னு பேர்கள எதிரெதிரா ரெண்டு பக்கத்துல பிரிச்சுப் போட்டு நடுவுல ஓட்டை குத்தற வரிசைய வச்சாங்க. எண்ணம் என்னவோ நல்லதுதான். இடது பக்கத்துல முதல் பேரு புஷ், ரெண்டாவது பேரு அல் கோர். ஆனா ரெண்டாவது ஓட்டை வலது பக்கத்துல இருக்கற புக்கானனுக்கு, கோருக்கு மூணாவது ஓட்டை. நாம ஒரு பட்டியல மேலேருந்து கீழ படிக்கற ஆளுங்க, ரெண்டாவது பேருக்கு ரெண்டாவது ஓட்டைன்னுதான் கை போகும். புக்கானனுக்கு அந்த கவுண்டில 3,400 சொச்சம் ஓட்டு, அதுல நிறைய தன்னோடது இல்லன்னு அவரே வெளிப்படையா சொன்னாரு. ரெண்டு ஓட்டை குத்தி செல்லாமப் போன சீட்டு மட்டும் 19,000க்கு மேல. மாநிலத்துல கடைசி வித்தியாசம் 537 ஓட்டு. பேருக்கும் ஓட்டைக்கும் இருக்கற இந்த பொருத்தத்ததான் மேப்பிங்னு சொல்றோம், அடுப்புக்கும் அதோட குமிழுக்கும், ஸ்விட்சுக்கும் விளக்குக்கும் இருக்கறது மாதிரி. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பத்து பேர உக்காரவச்சு 'இவருக்கு ஓட்டுப் போடுங்க'ன்னு சொல்லி, பேசாம பக்கத்துல நின்னு பாத்திருந்தா இது வெளிய வந்திருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சு.

இப்ப இன்டராக்‌ஷன் பக்கம். இங்க டான் நார்மன்ங்கற டிசைன் ஆராய்ச்சியாளர் சொல்ற ரெண்டு பள்ளம்தான் அடித்தளம். முதல் பள்ளம், நான் நினைச்சத இதுல எப்படி செய்யறது. ரெண்டாவது பள்ளம், நான் செஞ்சதால என்ன ஆச்சு. எந்த ஸ்க்ரீன எடுத்தாலும் பிரச்சனை இந்த ரெண்டுல ஒண்ணுலதான் இருக்கும், சில சமயம் ரெண்டுலயும். ஆரம்பத்துல எல்லாரும் முதல் பள்ளத்துலயே உழைப்பாங்க, பட்டன் எங்க, கலர் என்ன, ஐகான் என்னன்னு. உண்மையில ஆள போட்டு வதைக்கறது ரெண்டாவதுதான்.

அதுக்கு மோசமான உதாரணம் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், 1979 மார்ச் 28. அழுத்தத்த வெளியேத்தற ஒரு வால்வு திறந்துச்சு, மூடவேண்டிய நேரத்துல மூடாம சிக்கிக்கிச்சு, குளிர்விக்கற தண்ணி வெளிய போய்க்கிட்டே இருந்துச்சு. கன்ட்ரோல் ரூம் பேனல்ல அந்த வால்வுக்குன்னு ஒரு விளக்கு இருந்துச்சு, அது அணைஞ்சிருந்துச்சு, அணைஞ்சா மூடிடுச்சுன்னுதான ஆபரேட்டர் எடுத்துக்குவாரு. ஆனா அந்த விளக்கு வால்வோட நிலைய காட்டவே இல்ல, வால்வுக்கு 'மூடு'ன்னு சிக்னல் போயிடுச்சாங்கறத மட்டும் காட்டுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல வால்வு திறந்தே கெடந்துச்சு, உலையோட மையப்பகுதில ஒரு பங்கு உருகிப்போச்சு. இப்ப உங்க ஆப்ல 'சேவ் ஆயிடுச்சு'ன்னு ஒரு செய்தி வருதே, அது சர்வர்ல பதிவானதுக்கு அப்புறம் வருதா, இல்ல பட்டன அமுக்கின உடனே வருதா? போய் கோட பாருங்க, நீங்க ப்ரோக்ராமர்தானே. ரெண்டாவதா இருந்தா அதே விளக்குதான், ஆபத்து மட்டும் கம்மி.

ஃபீட்பேக் எவ்வளவு சீக்கிரம் வரணும்ங்கறதுக்கு பல வருஷமா மாறாத ஒரு கணக்கு இருக்கு. 0.1 செகண்டுக்குள்ள வந்தா நானே கையால நகத்தற மாதிரி இருக்கும். 1 செகண்டுக்குள்ள வந்தா தாமதம் தெரியும், ஆனா யோசனை அறாது. 10 செகண்டுக்கு மேல போனா ஆள் வேற வேலைக்குப் போயிடுவாரு, அங்க எவ்வளவு முடிஞ்சிருக்கு, நிறுத்தணும்னா எப்படின்னு ரெண்டையும் காட்டியே ஆகணும்.

அஃபோர்டன்ஸ், சிக்னிஃபையர்னு ரெண்டு வார்த்தை வரும், எல்லாரும் போட்டு குழப்புவாங்க. ஒரு பொருள வச்சு ஒருத்தரால என்ன செய்ய முடியுமோ அது அஃபோர்டன்ஸ், ஜேம்ஸ் கிப்சன்ங்கற உளவியலாளர் உண்டாக்கின சொல். அது முடியும்னு வெளிய தெரியவைக்கற அடையாளம் சிக்னிஃபையர். கண்ணாடிக் கதவு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கைப்பிடியோட இருந்தா இழுக்கறதா தள்ளறதான்னு தெரியாது, தள்ளவேண்டிய பக்கத்துல தட்டையா ஒரு தகடு மட்டும் வச்சா கேள்வியே வராது. ஸ்க்ரீன்லயும் இதேதான், விரலால பக்கவாட்டுல தள்ளினா டிலீட் ஆகும்ங்கறது முடியற காரியம், ஆனா அத சொல்ற அடையாளம் ஒண்ணும் இல்லன்னா பாதிப்பேருக்கு அப்படி ஒரு வசதி இருக்கறதே தெரியாம வருஷம் ஓடிடும்.

அப்புறம் மெண்டல் மாடல், அதாவது இந்தப் பொருள் உள்ள இப்படித்தான் ஓடுதுன்னு யூசர் மனசுல வச்சிருக்கற ஒரு கணக்கு. ரூம் சீக்கிரம் குளிரணும்னு ஏசிய 16ல வைக்கறவங்கள பாத்திருப்பீங்க. சாதாரண ஆன்-ஆஃப் வகை ஏசில 16ல வச்சாலும் 24ல வச்சாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்துலதான் ஓடும், எப்ப நிக்கணும்ங்கறது மட்டும்தான் அந்த எண். ஆனா குழாய திருகினா தண்ணி அதிகம் வரும்ங்கற பழக்கத்துல எல்லாரும் அத வேகம்னு எடுத்துக்கறாங்க. ரிமோட்ல இருக்கற ஒரு எண் அவங்கள திருத்தற மாதிரி எதையும் சொல்லல, அப்ப தப்பு யாரோடது?

தப்புலயும் ரெண்டு வகை, இத பிரிச்சுப் பாக்கத் தெரியணும். மனசுல சரியா நினைச்சு கை தவறினா அது ஸ்லிப், நினைச்சதே தப்புன்னா மிஸ்டேக். பி-17 பைலட் முதல் வகை, ஏசி ரெண்டாவது வகை. ஸ்லிப்புக்கு விளக்கம் எழுதி பிரயோஜனம் இல்ல, அந்த ஆளுக்கு ஏற்கெனவே தெரியும். அங்க டிசைனே வழி மறிக்கணும். ஏடிஎம்ல ஆரம்ப காலத்துல பணத்த குடுத்துட்டு அப்புறம் கார்ட திருப்பிக் குடுக்கற வரிசை நிறைய மெஷின்ல இருந்துச்சு, ஜனங்க பணம் வந்ததும் வந்த வேலை முடிஞ்சுதுன்னு கார்ட விட்டுட்டுப் போயிடுவாங்க. 'கார்ட மறக்காதீங்க'ன்னு எவ்வளவு பெருசா எழுதினாலும் இது நிக்காது. கார்ட எடுத்தாத்தான் பணம் வரும்னு வரிசைய மாத்தினதும் பிரச்சனை பெரும்பாலும் ஒழிஞ்சுது. இதே காரணத்துக்காகத்தான் 'நிச்சயமா டிலீட் பண்ணணுமா'ன்னு கேக்கற டயலாக் எனக்குப் பிடிக்காது. பத்து தடவை ஆமான்னு அமுக்கினவர் பதினோராவது தடவை படிக்கவே மாட்டாரு, கை தானா போகும். டிலீட் பண்ண விட்டுட்டு, கொஞ்ச நேரத்துக்கு அன்டூ குடுங்க. எழுதறதுக்கு கஷ்டம்தான், டெவலப்பருங்க முனகுவாங்க, ஆனா அந்த கஷ்டம் யாராவது ஒருத்தர் பட்டே ஆகணும், டீம் ஒரு தடவை படறதா, யூசர் தினமும் படறதான்னுதான் கேள்வி.

தகவல அடுக்கறதப் பத்தி கொஞ்சம். ரிச்சர்ட் சால் வர்மன்ங்கற டிசைனர் சொன்ன கணக்குப்படி எந்த தகவலையும் அஞ்சு வழியிலதான் அடுக்கமுடியும்: இடம், அகர வரிசை, காலம், வகை, அப்புறம் பெருசு சிறுசுங்கற மாதிரி ஒரு அளவு. இதுல தகராறு வர்றது எப்பவும் 'வகை'லதான், ஏன்னா உங்க ஆபீஸ்ல எந்த டிபார்ட்மெண்ட் எத பாக்குதோ அதையே மெனுவா போட்டுடுவீங்க, வெளிய இருக்கறவருக்கு உங்க டிபார்ட்மெண்ட் எதுக்கு தெரியணும்? இதுக்கு கார்ட் சார்ட்டிங்னு ஒரு எளிமையான முறை இருக்கு, ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு சீட்டுல எழுதி கலைச்சுக் குடுத்து எது எதோட சேரும்னு அவங்களையே குவியல் குவியலா பிரிக்கச்சொல்றது, குவியலுக்கு பேரும் அவங்களே வைக்கட்டும். காசு செலவில்ல, ஆனா மீட்டிங்ல மணிக்கணக்கா ஓடற சண்டைய ஒரு மதியத்துல முடிச்சுடும். அப்புறம் மெனுல ஏழு ஐட்டத்துக்கு மேல வைக்காதேன்னு யாராவது ஜார்ஜ் மில்லர்ங்கற உளவியலாளரோட 1956 கட்டுரைய காட்டினா நம்பாதீங்க. அது பாத்து முடிச்சத மனசுல வச்சுக்கற திறனப் பத்தினது, மெனு கண்ணு முன்னாடியே இருக்கு, எதையும் மனப்பாடம் பண்ணவேண்டியதில்ல. ஒவ்வொரு லிங்கோட பேரும் உள்ள என்ன இருக்குன்னு மோப்பம் குடுக்குதாங்கறதுதான் முக்கியம், பிரோலி, கார்டுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இத இன்ஃபர்மேஷன் சென்ட், அதாவது தகவலோட வாசனைன்னே சொல்வாங்க. 'மற்றவை', 'பயனுள்ள இணைப்புகள்' இதுக்கெல்லாம் வாசனையே கிடையாது.

யூசர் கேக்கறத செஞ்சு குடுக்கறதான்னு கேட்டீங்களே, இல்லவே இல்ல. 1985லயே கூல்ட், லூயிஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மூணு விதி சொல்லிட்டாங்க, ஆரம்பத்துலயே யூசரையும் அவங்க வேலையையும் பாரு, செஞ்சத அவங்க கையில குடுத்து அளந்து பாரு, திருத்தி திரும்பவும் செய். இதுல 'கேள்'னு இல்ல, பாருன்னுதான் இருக்கு. என்ன வேணும்னு கேட்டா ஜனங்க தங்களுக்குத் தெரிஞ்ச தீர்வ சொல்வாங்க, 'இங்க ஒரு எக்ஸ்போர்ட் பட்டன் வேணும்'னு. ஏன்னு பக்கத்துல உக்காந்து பாத்தா அவங்க அத எக்செல்ல எடுத்து ரெண்டு காலம் கூட்டி மேனேஜருக்கு அனுப்பறாங்க, அப்ப தேவை அந்த கூட்டுத்தொகை, எக்ஸ்போர்ட் இல்ல. பெர்சோனா செய்யச் சொல்வாங்க கோர்ஸ்ல, ஒரு கற்பனை யூசருக்கு பேரு, ஃபோட்டோ, பிடிச்ச பாட்டு எல்லாம் போட்டு. நாலு நிஜ ஆளப் பாத்துட்டு செஞ்சா உதவும், பாக்காம செஞ்சா அது உங்க ஆசைக்கு போட்ட மாஸ்க்.

டெஸ்ட்டுக்கு எத்தனை பேரு வேணும்? அஞ்சு பேரு போதும்னு ஒரு வாக்கியம் சுத்துது, எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க. நீல்சன், லாண்டாவர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1993ல சொன்ன கணக்கு அது, ஒரு ஆள் சராசரியா 31 சதவீத பிரச்சனைய வெளிய கொண்டுவந்தா அஞ்சு பேருல கிட்டத்தட்ட 85 சதவீதம் வந்துடும். அந்த 31 எல்லா ப்ராடக்டுக்கும் ஒண்ணு கிடையாது, உங்க யூசருங்க ரெண்டு மூணு தனித்தனி ரகமா இருந்தா ஒவ்வொரு ரகத்துலயும் ஆள் வேணும். முக்கியமா, அது பிரச்சனைய கண்டுபிடிக்கற கணக்கு, எத்தனை சதவீத ஜனங்களுக்கு இந்த சிக்கல் வரும்னு சொல்றதுக்கு அஞ்சு பேர் பத்தவே பத்தாது. பதினஞ்சு பேருக்கு வசதி இருந்தா ஒரே நாள்ல பதினஞ்சையும் தீத்துடாம, அஞ்சு பாத்து, திருத்தி, மறுபடி அஞ்சு பாருங்க.

கண்ணு சரியா தெரியாதவங்க, கை நடுங்கறவங்க, ஸ்க்ரீன் ரீடர் வச்சு கேக்கறவங்க எல்லாரும் யூசர்தான், கடைசில சேத்துக்கலாம்னு தள்ளாதீங்க. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும்ங்கறது டபிள்யூசிஏஜி, அதாவது வெப்சைட்ட எல்லாராலயும் பயன்படுத்த முடியணும்ங்கறதுக்கான விதித்தொகுப்பு, அதோட ஏஏ நிலை விதி, அந்த மெல்லிசான சாம்பல் எழுத்து அதுல தேறாது. தப்ப சிவப்பு கலர்ல மட்டும் காட்டினா சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்கமுடியாதவங்களுக்கு அங்க ஒண்ணுமே இல்ல, பக்கத்துல வார்த்தையும் போடுங்க.

சாஃப்ட்வேர் கேள்விக்கு வர்றேன். ஸ்க்ரீன் வரையற ஃபிக்மாங்கற சாஃப்ட்வேர் ஒரு வாரத்துல வந்துடும், அவசரமில்ல. பாம் பைலட்ங்கற சட்டைப்பை சைஸ் டிஜிட்டல் டைரிய செஞ்ச ஜெஃப் ஹாக்கின்ஸ், சர்க்யூட் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி அதே சைஸ்ல ஒரு மரக்கட்டைய சட்டைப்பையில வச்சுக்கிட்டு திரிஞ்சாரு, யாராவது மீட்டிங் கேட்டா அந்த கட்டைய எடுத்து குச்சியால தட்டற மாதிரி தட்டி தேதி பாப்பாரு, பைக்குள்ள அடங்குதா, எடுக்கத் தோணுதான்னு அதுலயே தெரிஞ்சுது. பேப்பர்ல பென்சிலால வரைஞ்ச ஸ்க்ரீனுக்கும் அதே பலன்தான், இன்னொரு வசதியும் இருக்கு, அரைகுறையா இருக்கறத பாத்தா ஜனங்க தயங்காம குறை சொல்வாங்க, பளபளன்னு குடுத்தா நல்லா இருக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

முதல் வாரத்துக்கு இத மட்டும் செய்யுங்க. ஏற்கெனவே இருக்கற ஏதாவது ஒரு ஃபார்ம், ஆப், எதுவானாலும் சரி, நீங்க செஞ்சதா இருக்கவேண்டாம். அத பாத்திராத மூணு பேர்கிட்ட ஒரு நிஜ வேலைய குடுங்க, 'இந்த பட்டன அமுக்குங்க'ன்னு இல்ல, 'போன மாச பில்ல எடுத்துக் குடுங்க'ன்னு. மனசுல ஓடறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யச் சொல்லுங்க. அவங்க திணறும்போது உதவப் போகாதீங்க, ரொம்ப கஷ்டமா இருக்கும், வாய மூடிக்கிட்டு இருங்க, இதுன்னா என்னன்னு கேட்டா 'நீங்க என்ன நினைக்கறீங்க'ன்னு திருப்பிக் கேளுங்க. நோட்டுல நடுவுல ஒரு கோடு போட்டு அவங்க சொன்னத ஒரு பக்கம், செஞ்சத இன்னொரு பக்கம் எழுதிக்கிட்டே வாங்க. ஈஸியா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க, ஆனா அதே இடத்துல மூணு தடவை பேக் பட்டன அமுக்கியிருப்பாங்க, அந்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒத்துப்போகாத வரிகள வட்டம் போட்டு அங்கேருந்து டிசைன ஆரம்பிங்க.